தசரா விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள், அறிவியல் கண்காட்சியை வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், கையெழுத்துப் போட்டியிலும் பரிசுகள் கிடைத்தன. அனைவருக்கும் வாழ்த்துகள். விடுமுறைத் தேதிகளை டைரியில் ஒட்டி அனுப்பியிருக்கிறோம்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஓவிய வகுப்பு முடிந்து ஒரு பையன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் ஒட்டிய நீலச் சாயம் போகவே இல்லை, அவனும் விடாமல் தேய்க்கிறான். பின்னால் நின்ற நாலு பேர் "ஓசிடி, ஓசிடி" என்று கைதட்டிக் கத்தினார்கள். அவன் பாதியிலேயே கையை எடுத்து நிஜாரில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். இந்த வார்த்தையை எங்கே கேட்டீர்கள் என்று அந்த நாலு பேரிடமும் விசாரித்தேன். "வீட்டுல சொல்வாங்க மிஸ்" என்றார்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களை நானும் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு இப்படி நோய்ப் பெயர்களைச் சூட்டி எழுதுகிறீர்கள். அக்கறையில்தான் எழுதுகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உளவியல் வார்த்தைகளுக்கு அவற்றுக்கே உரிய பொருள் உண்டு. ஓசிடி என்றால் சுத்தம் பார்ப்பது அல்ல. வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து வதைக்க, அதைத் தணிக்க ஒரே செயலை மறுபடி மறுபடி செய்தே தீரவேண்டிய நிலை அது, நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட அதிலேயே போய்விடும், வேண்டாம் என்று நினைத்தாலும் நிறுத்த முடியாது. சாயத்தைத் தேய்த்த பையனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஏடிஎச்டியும், அதாவது கவனம் நிலைக்காமலோ அளவுக்கு மீறித் துறுதுறுப்பாகவோ இருக்கும் நிலையும், அப்படித்தான். கணக்குப் பாடத்தில் நெளிகிற பிள்ளைக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டுகிறோம். மருத்துவர்கள் அதைச் சொல்வதற்கு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் துறுதுறு, வீட்டில் சமர்த்து என்றால் நாங்கள் பாடம் நடத்தும் விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஓடியாடும் பிள்ளைக்குத்தான் அது வரும் என்பதும் இல்லை. கடைசி பெஞ்சில் சத்தமே இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் குழந்தைக்கும் இருக்கலாம், அவளை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் கவலை.

தமிழில் நமக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. மன அழுத்தம், மனச்சோர்வு இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறோம், பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. பரீட்சைக்கு முந்தைய நாள் வயிற்றைக் கலக்குவது அழுத்தம், பரீட்சை முடிந்தால் பெரும்பாலும் போய்விடும். மனச்சோர்வு அப்படிப் போகாது. இரண்டு வாரத்துக்கு மேலாக, கிட்டத்தட்ட எல்லா நாளும், பிடித்த விளையாட்டில்கூட மனம் ஒட்டாமல் இருப்பது அது. குழந்தைகளிடம் அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரலாம், நாம் அதைத் திமிர் என்று நினைத்து அடித்துவிடுகிறோம்.

அப்புறம் இணையத்தில் எடுத்த ஐக்யூ (அறிவுத்திறன்) சோதனை மதிப்பெண்களை எனக்கு அனுப்பாதீர்கள். 1905இல் பாரிஸில் பினேவும் சிமோனும் இந்த மாதிரிச் சோதனையைத் தயாரித்ததே, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். இனி எந்தக் குழுவிலும் இன்னொருவர் பிள்ளையின் பெயரோடு இப்படி ஒரு நோயின் பெயர் வந்தால் அந்தக் குழுவை அன்றைக்கே மூடிவிடுவோம். வகுப்பில் "சைக்கோ", "மெண்டல்" என்று கூப்பிடும் பிள்ளையின் பெற்றோரை அழைத்துப் பேசுவோம். ஆசிரியர்களுக்கும் இதே விதிதான், ஒருவரிடம் ஏற்கெனவே பேசியும்விட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை. சென்ற மாதம் ஒரு அப்பா ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். "மூணு வாரமா ராத்திரி தூங்க மாட்டேங்கிறா மேடம், டப்பாவும் பாதி அப்படியே வருது, கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா" என்றார். எந்த நோயின் பெயரும் சொல்லவில்லை. எங்களுக்கு வேண்டியது இதுதான், நீங்கள் கண்ணால் பார்த்தது. அன்றைக்கே வகுப்பாசிரியை அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து பேசினார். அந்த அப்பாவுக்கும், தயக்கத்தை விட்டு வந்து பேசிய மற்ற பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி.

பெயர் வைப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுவோம். நம் ஊரிலேயே ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை காலை பத்து மணி முதல் என் அறையில் இருப்பேன். பிள்ளையைப் பற்றித் தனியாகப் பேச நினைப்பவர்கள் வாருங்கள், டோக்கன் எல்லாம் வேண்டாம். விடைத்தாள்களையும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை
பெங்களூரு