வேலையில் சேர்த்த பிறகுதான் வேலை

அன்புள்ள முத்துவேல்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததில் மகிழ்ச்சி. ஓய்வுபெற்ற கையோடு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் சிறப்புப் பள்ளிக்காரர்கள் உன்னைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சிவகாசியில் பாதி அச்சக முதலாளிகள் உன்னிடம் படித்தவர்கள், உன்னை வாசலில் காக்க வைப்பார்களா?

அங்கே படித்து முடித்த பிள்ளைகளுக்கு வேலை தேடிக் கொடுக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று நிர்வாகம் கணக்குக் கேட்கும், கொடு. உன் நோட்டில் மட்டும் இன்னொரு கணக்கு வைத்துக்கொள்: ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அதே இடத்தில் இருக்கிறார்கள். நான் எழுதப்போகும் எல்லாம் அந்த இரண்டாவது கணக்குக்காகத்தான்.

முதலில் காகிதம். யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை, இல்லாதவர்களுக்கு உடனே விண்ணப்பம் போடு. இருப்பவர்களுடையதையும் வாங்கிப் பார். நம் ஊர் தொல்லை இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் 'க. முருகன்', ஆதாரில் 'முருகன் கருப்பசாமி', அட்டையில் வெறும் 'முருகன்' என்று இருக்கும். சேரும் நாள்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். பி.எஃப். கணக்குத் திறக்கும்போது சிக்கும். அடுத்து, மாற்றுத்திறனாளி சான்றிதழ் நிரந்தரமானதா, தற்காலிகமானதா என்று பார். தற்காலிகமானது காலாவதியாகியிருந்தால் நேர்முகத்துக்கு முன்பே மருத்துவக் குழுவிடம் அனுப்பிவிடு. அதில் குறைபாட்டின் சதவீதம் 40க்குக் கீழே இருந்தால் இடஒதுக்கீடு கிடையாது. அதை அந்தப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடு.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் மாற்றுத்திறனாளி என்ற முன்னுரிமை ஏறியிருக்கிறதா என்றும் பார். வெறும் கல்வித் தகுதியோடு பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிந்து ஒரு வருடம் ஆனால் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு மனு போடலாம்: பத்தாம் வகுப்பு வரை மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000. இதைவிடப் பெரிய விஷயம் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். வேலைக்குப் போனால் அது நின்றுவிடுமோ என்ற பயத்தில் பிள்ளையை அனுப்பாத வீடுகள் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள், 'உடம்பு சரியில்லை' என்பார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அந்தந்தப் பிள்ளையின் நிலையைக் கேட்டு, பதிலைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடு.

பிறகு பேச்சு. அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு பேசினால் நீ கேட்பதற்கெல்லாம் அவர்கள்தான் பதில் சொல்வார்கள். தனியாக அரை மணி நேரம் உட்காரவை. 'என்ன வேலை பிடிக்கும்' என்ற கேள்வி பயன்படாது, வேலைகளையே பார்க்காத பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? காலையில் யார் எழுப்புகிறார்கள், பஸ்ஸில் தனியாக வந்தாயா, கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவாயா, தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்க முடியும், வெளியிடத்தில் கழிப்பறை போவதில் சிரமமா என்று கேள். வலிப்பு உள்ளவரிடமும் மனநோய்க்கு மருந்து எடுப்பவரிடமும் மாத்திரை நேரத்தைக் கேள். இரவு மாத்திரையின் தூக்கம் காலையிலும் இருந்தால் ஆறு மணி ஷிப்ட் சரிப்படாது. ஆள் சோம்பேறி என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே வருவார். நோயைப் பற்றி முதலாளியிடம் எதைச் சொல்லலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

திறனை முறையாக அளந்து பார்க்க வேண்டுமென்றால் கிண்டியில் மத்தியத் தொழிலாளர் துறையின் மையம் இருக்கிறது. முன்பு தொழில்சார் மறுவாழ்வு மையம் என்ற பெயரில் இருந்ததுதான். இலவசம். ஆனால் அங்கிருந்து வரும் அறிக்கை கை வேகத்தைச் சொல்லும், உங்கள் ஊர் பஸ் நேரத்தைச் சொல்லாது.

அரசு வேலைக் கனவைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இடஒதுக்கீடு 4 சதவீதம். பார்வைக்கு 1, செவிக்கு 1, பெருமூளை வாதம் உட்பட உடல் இயக்கக் குறைபாட்டுக்கு 1. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்த்துக் கடைசி 1. சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, ஆனால் தலசீமியா, ஹீமோஃபிலியா போன்ற ரத்த நோய் உள்ளவர்களுக்கு அட்டை உண்டு, இந்த நான்கில் இடம் இல்லை. இது தெரியாமல் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். அறிவிக்கையில் பதவிக்கு எதிரே நிற்பது, நடப்பது, பார்ப்பது, கேட்பது என்று உடல் தேவைகள் குறியீடுகளாக இருக்கும். சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் படிக்கப் பழக்கு. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. தேர்வரின் பதிலைக் கேட்டு எழுதித் தருபவரை வைப்பதற்கான விதிகள் மாறிவருவதால் அந்தந்த அறிவிக்கையைப் பார்க்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், தேர்வுக்குப் படிப்பவரும் ஏதாவது வேலையில் இருந்துகொண்டே படிக்கட்டும். ஐந்தாறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு முப்பது வயதில் முதல் வேலை தேடுவது மிகவும் கடினம்.

இனி உன் பழைய மாணவர்களான முதலாளிகள். 'எங்கள் பிள்ளைக்கு ஒரு வேலை போட்டுக் கொடு' என்று கேட்டுவிடாதே. உனக்காக ஒருவரைச் சேர்த்து ஒரு மூலையில் உட்காரவைப்பார்கள், ஆர்டர் குறைந்ததும் முதலில் அனுப்புவார்கள். எந்த இடத்தில் ஆள் நிற்பதில்லை, எங்கே வேலை தேங்குகிறது என்று கேள். ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பார்த்து எழுது. நோட்டுப் புத்தக யூனிட் என்றால் தாள் எண்ணுவது, மடிப்பது, அட்டை வைப்பது, பின் அடிப்பது, கட்டிங், கட்டுக் கட்டுவது, லேபிள் ஒட்டுவது. ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு என்ன வேலை, காதுக்கு என்ன வேலை, எண்ணத் தெரிய வேண்டுமா, அவசரத்தில் யார் கத்துவார்கள் என்று குறித்துக்கொள். காது கேளாதவர் ஏறக்குறைய எல்லாமே செய்வார். இயந்திரத்தின் எச்சரிக்கை மணியோடு ஒரு விளக்கும், தீ எச்சரிக்கைக்குப் பளிச்சிடும் விளக்கும் வேண்டும், அவ்வளவுதான். சைகை மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் தடுமாறும் என்பதை சூப்பர்வைசரிடம் சொல். நீளமாக எழுதிக் காட்டுவதைவிட ஒருமுறை செய்து காட்டுவது மேல். எண்ண வராத பிள்ளைக்கு 25 குழி வைத்த தட்டு ஒன்று செய்து கொடு, தட்டு நிறைந்தால் ஒரு கட்டு.

பருவத்தையும் பார். ஆடிப்பெருக்கில் புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதிலிருந்து பொங்கல் வரை காலண்டர் யூனிட்களில் ஆள் பற்றாது, யாரையும் எடுப்பார்கள். அதற்குப் பிறகு கடைசியாக வந்தவர் முதலில் வீட்டுக்குப் போவார். பள்ளி திறப்பதற்கு முன் ஓடும் நோட்டு வேலைக்கு அவரை மாற்ற முடியுமா என்று சேர்க்கும்போதே பேசு. பட்டாசு, தீப்பெட்டி பக்கம் போகாதே. ஆபத்து வந்தால் ஓட முடியாத ஆளுக்கும், கத்தினால் கேட்காத ஆளுக்கும் அது இடமில்லை.

பார்வையற்ற பட்டதாரிக்கு ஆர்டர் பிடிப்பது, கணக்கு, வாடிக்கையாளரோடு பேசுவது பொருந்தும். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் கம்ப்யூட்டருக்கு என்விடிஏ, அது இலவசம், செல்போனில் டாக்பேக் இருக்கிறது. அச்சகத்தில் வரும் சிக்கல் வேறு. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுத்த பழைய பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா'வைத் திரைவாசிப்பான் எழுத்தெழுத்தாக 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்றுதான் வாசிக்கும். அவரிடம் வரும் கோப்புகள் யூனிகோடில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வை. ஸ்கேன் செய்த பில்லும் அவருக்கு வெறும் படம்தான்.

சக்கர நாற்காலி என்றால் டேப் எடுத்துக்கொண்டு போ. சாய்தளம் 1:12, அதாவது 15 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று படி இருந்தால் 5.4 மீட்டர் நீளம். இரண்டு மீட்டரில் செங்குத்தாகப் பூசிவிட்டு 'ரேம்ப் போட்டாச்சு' என்பார்கள், அதில் ஏறினால் பின்னால் கவிழும். கதவின் திறப்பு 90 சென்டிமீட்டர், திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம். கழிப்பறைக் கதவை மறக்காதே, பெரும்பாலும் அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது.

அறிவுசார் குறைபாடு உள்ளவரை நேர்முகத்துக்கு அனுப்பாதே, தோற்றுப்போவார். பதினைந்து நாள் வேலை பார்த்துக் காட்ட அனுமதி கேள், சம்பளத்தோடு. உங்கள் ஆசிரியர் ஒருவர் முதல் வாரம் முழு நாளும் பக்கத்தில் நிற்கட்டும், அடுத்த வாரம் அரை நாள், பிறகு தூரத்தில். திடீரென்று விலகினாலும் கெடும், விலகாமலே இருந்தாலும் கெடும். ஆசிரியர் நகரும்போது அந்த இடத்துக்கு யூனிட்டிலேயே ஒரு ஆள் வேண்டும், டீ குடிக்கக் கூப்பிடும் ஒரு அண்ணனோ அக்காவோ. ஒருவரை மட்டும் நம்பாமல் இருவரைப் பழக்கு. அந்த ஒரு சூப்பர்வைசர் மாறிப்போனதும் வேலை போன கதைகள் ஏராளம்.

'பயிற்சி' என்று மாதக்கணக்கில் கைச்செலவுக்கு மட்டும் கொடுப்பதை ஏற்காதே. குறைந்தபட்ச ஊதியம் இவர்களுக்கும் உண்டு. இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கான மாதச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் விரிவான சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். முதல் சந்திப்பிலேயே அதைக் காட்டி மிரட்டாதே. பழகிய பிறகு எழுத உதவி செய்.

சேர்த்த பிறகு முதல் வாரம் தினமும் போனில் பேசு, முதல் மாதம் வாரம் ஒருமுறை நேரில் போ, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. முதலாளி அறையில் உட்காராதே, சாப்பாட்டு இடைவேளையில் போ. வேலை தெரியாமல் வெளியேறுபவர் குறைவு. கடைசி பஸ் போய்விட்டது, ஓவர்டைம் என்றார்கள், கேலி செய்தார்கள், சம்பளத்தை அண்ணன் வாங்கிக்கொண்டான் என்றுதான் நின்றுபோகிறார்கள். வங்கிக் கணக்கும் ஏடிஎம் அட்டையும் யார் கையில் என்பதை இரண்டாவது மாதம் கட்டாயம் பார்.

உங்கள் தெரு கண்டக்டரைப் பற்றி எழுதியிருந்தாய். விபத்தில் கால் போனதால் வேலையை விட்டு நிற்கச் சொன்னால் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். அரசு நிறுவனத்தில் பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி குறைக்கவோ முடியாது, 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும், காலியிடம் இல்லையென்றால் உபரிப் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கச் சொல்.

அடுத்த கடிதத்தில் அந்த நோட்டு யூனிட்டின் வேலைப் பட்டியலை எழுதி அனுப்பு, நீ சொன்ன மூன்று பேரில் யாருக்கு எது என்று சேர்ந்து பார்ப்போம். பஸ் நேரங்களையும் எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்