அங்கோர் வாட்ல நாம விருந்தாளிங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வெளிநாட்டு டூர் கட்டுரை எங்க வந்தாலும் விடாம படிப்பேன், ஆனா கம்போடியாவுல இருக்கற அங்கோர் வாட் கோயில் பத்தி யார் எழுதினாலும் 'தமிழன் கட்டின கோயில்'னு ஒரு வரி எப்படியோ நுழைஞ்சிடுது, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

போன ஜனவரில நானும் வீட்டம்மாவும் ஒரு குரூப்போட அந்தக் கோயில் இருக்கற சியம் ரீப் ஊருக்குப் போயிருந்தோம். டிக்கெட் ஒரு நாளைக்கு 37 டாலர், அந்த நாட்டு ஜனங்களுக்கு ஃப்ரீ. உடனே பஸ்ல நாலஞ்சு பேரு 'நம்ம ராஜா கட்டினதுக்கு நாமளே காசு குடுக்கணுமா'ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அந்த 37லயும் 2 டாலர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போகுது. நம்ம மாமல்லபுரத்துல நமக்கு 40 ரூபா, ஒரு கம்போடியாக்காரர் வந்தா அவருக்கு 600, அத யாராவது கேட்டோமா?

உள்ள போனதும் கைடு தம்பி சூரியவர்மன்னு ஆரம்பிச்சாரு, முடிக்க விடல, 'இல்லப்பா, சோழன்'னு ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, கூட இருந்தவங்க கை தட்டறாங்க. அந்த தம்பி ஒண்ணும் சொல்லாம அடுத்த மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அவங்க நாட்டுக் கொடியிலயே இருக்கற கோயில் ஐயா அது. எனக்கு ரொம்ப வெக்கமா போச்சு.

கட்டினது இரண்டாம் சூரியவர்மன், 12ம் நூற்றாண்டுல கம்போடியாவ ஆண்ட க்மெர் இன ராஜா, பெருமாளுக்குன்னு கட்டி அப்புறம் பௌத்தக் கோயிலாச்சு, இன்னிக்கும் ஊர் ஜனங்க ஊதுபத்தி ஏத்திக் கும்புடறாங்க. தொடர்பே இல்லன்னு நான் சொல்லல, அவங்க எழுத்தே பல்லவர் எழுத்துலேருந்து வந்ததுதான், கிழக்குப் பக்க சுவர்ல பாற்கடல் கடையற சிற்பம் கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்குப் போகுது, அசுரருங்க ஒரு பக்கம் தேவருங்க ஒரு பக்கம் இழுக்க நடுவுல விஷ்ணு, அத பாத்து எங்க வீட்டம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதுக்காக சம்பந்தி வீட்டுக்குப் போயி வீட்டுப் பத்திரத்தை எடுன்னு கேப்போமா?

மேல் தளத்துக்கு ஏறணும்னா தோளும் முட்டியும் மூடியிருக்கணும், அதுக்கும் எங்க ஆளு ஒருத்தர் அரை டிராயரோட நின்னு வாக்குவாதம், இதே ஆளு நம்ம ஊர் கோயில்ல சட்டையக் கழட்டச் சொன்னா கழட்டிட்டுதான் போவாரு.

எங்க தங்கறது, எங்க இட்லி கிடைக்கும்னு நீங்க போடறது எல்லாருக்கும் உதவுது. அடுத்த தடவ அங்கோர் பத்திப் போடும்போது அந்த ராஜா பேரையும் தயவு செஞ்சு போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்