ஷெட்யூல் சி நிரப்புவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

2025-க்கான அமெரிக்க வருமான வரிக் கணக்கை அனுப்பியிருந்தாய். பார்த்தேன். இதுவரை சம்பளத்துக்கு நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவம் மட்டும்தான் இருந்தது. வரி சாஃப்ட்வேர் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் ரிட்டர்ன் முடிந்துவிடும். டிசைன் ஃப்ரீலான்ஸ் சேர்ந்த பிறகு அது போதாது. கொடுத்த எண்ணை அது பிழையில்லாமல் கூட்டும், பெருக்கும். ஆனால் அந்த எண் எந்த ஃபார்முக்குப் போகவேண்டும் என்பதை உன் பதில்தான் தீர்மானிக்கிறது.

ஏஜென்சி 18,000 டாலருக்கு 1099-என்இசி கொடுத்திருக்கிறது, ஊழியர் அல்லாதவருக்குக் கொடுத்த கூலியைக் காட்டும் படிவம். முதல் பெட்டியில் உள்ள தொகை அது. அதைப் பதிந்ததும் "இது எந்த வகை வருமானம்?" என்று ஒரு கேள்வி வரும். பொழுதுபோக்கு, எப்போதாவது வந்த பணம் என்ற பதில்களைத் தொடாதே. தொட்டால் தொகை, கூடுதல் வருமானத்தைக் காட்டும் ஷெட்யூல் 1-இல் "இதர வருமானம்" வரிசையில் போய் உட்காரும். செலவு எதையும் கழிக்க முடியாது, சுயதொழில் வரியும் விழாது. திரையில் வரி குறைந்ததுபோலத் தெரியும். ஆனால் அந்த 1099-இன் நகல் வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடமும் இருக்கிறது. பிறகு விடுபட்ட வரியும் வட்டியும் கேட்டுக் கடிதம் வரும். சுயதொழில் என்றே சொல், தொழிலின் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி-யோடு இணை. தொழில் குறியீடு 541400.

அதிகம் பேர் சறுக்குவது அடுத்த திரையில். 1099-ஐப் பதிந்த பிறகு "பொது வருமானம்" என்று ஒரு காலிக் கட்டம் வரும். அங்கே மொத்த வரவையும் போட்டால் 18,000 இரண்டு முறை ஏறிவிடும். படிவம் வராத வரவுக்கு மட்டும்தான் அந்தக் கட்டம். உனக்கு அது வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையான ஜெல்லில் வந்த 1,500. இணையதளங்கள் வழியாக வந்த பணத்தைக் காட்டும் 1099-கே படிவத்தை ஜெல் அனுப்புவதில்லை, சின்ன வாடிக்கையாளர்களும் படிவம் தரவில்லை. அதனால் அது வருமானம் இல்லை என்றாகாது. 2026 முதல் கொடுக்கும் பணத்துக்கு 1099-என்இசி வரம்பு 600-இலிருந்து 2,000 டாலராக ஏறியிருக்கிறது. இனி உனக்கு வரும் படிவம் குறையும், வரி குறையாது.

ஃப்ரீலான்ஸ் இணையதளத்திலிருந்து வந்த 1099-கே-யில் 4,200 இருக்கிறது, வங்கியில் விழுந்தது 3,780. இந்தப் படிவத்துக்கு ஃபெடரல், அதாவது மத்திய அரசின் வரம்பு 20,000 டாலரும் 200 பரிவர்த்தனையும். உங்கள் இல்லினாய் மாநிலத்தில் அதைவிட மிகக் குறைவு, அதனால்தான் இந்தச் சின்னத் தொகைக்கும் படிவம் வந்தது. 3,780 என்று போடாதே. 4,200-ஐ முழுதாக வரவில் காட்டி, தளம் பிடித்த 420-ஐ ஷெட்யூல் சி 10-ஆம் வரிசையில் கமிஷனாகக் கழி. இன்னொன்றையும் பார்த்துக்கொள்: ஏஜென்சி ஏதாவது ஒரு மாதம் அந்தத் தளம் வழியாகப் பணம் அனுப்பியிருந்தால், அதே பணம் என்இசி-யிலும் கே-யிலும் இருக்கும். அப்படி இருந்தால் ஏஜென்சியிடம் திருத்திய படிவம் கேள்.

ஆக மொத்த வரவு 23,700.

செலவில் லேப்டாப் 1,900. "சொத்து" பகுதியில் போட்டால் சாஃப்ட்வேர் தேய்மானக் கணக்குக்குள் இழுத்துப்போகும். 2,500 டாலருக்குள் உள்ள பொருளை அந்த ஆண்டே செலவாக எழுதும் தேர்வு உண்டு. அந்தக் கேள்வி வரும்போது ஆம் என்று சொல். தொழிலுக்கு மட்டும் பயன்படுத்துகிறாய் என்பதால் முழுத்தொகை. படம் பார்க்கவும் அதுதான் என்றால் தொழிலின் பங்கு மட்டும். மென்பொருள் சந்தா 660. வீட்டு அலுவலகம் 120 சதுர அடி, எளிய முறையில் அடிக்கு 5 டாலர், 600. விருந்தாளி வந்தால் படுக்க விடும் அறை என்றால் இதைக் கேட்காதே. அந்த இடம் தொழிலுக்கென்றே இருக்கவேண்டும். மருத்துவக் காப்பீட்டுக் கழிவைச் சாஃப்ட்வேர் ஆசை காட்டும். அலுவலகத்தில் காப்பீடு கிடைக்கிற உனக்கு அது கிடையாது.

செலவு 3,580 போக நிகர லாபம் 20,120. 400 டாலரைத் தாண்டியதால், சுயதொழில் வரியைக் கணக்கிடும் ஷெட்யூல் எஸ்இ தானே திறக்கும். லாபத்தில் 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம்: 2,843 டாலர். பார்த்ததும் பகீரென்றிருக்கும். சம்பளத்தில் நிறுவனம் கட்டும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பங்கையும் இங்கே நீயே கட்டுகிறாய், அவ்வளவுதான். அதில் பாதி வருமானத்திலிருந்து கழியும். லாபத்தில் அந்தப் பாதி போன மிச்சத்தில் 20 சதவீதம், ஏறக்குறைய 3,740, தொழில் வருமானத்துக்கான க்யூபிஐ கழிவாக ஃபார்ம் 8995-இல் வரும். இல்லினாய் அந்தக் கழிவைத் தராது, மாநில வரி 4.95 சதவீதம் தனி.

22 சதவீத அடுக்கில் இருக்கிறாய். வருமான வரியும் சுயதொழில் வரியும் சேர்ந்து ஃபெடரலுக்கு மட்டும் 6,100 டாலர் கூடும். ஏப்ரல் 15-க்குள் கட்டவேண்டும். நீட்டிப்பு வாங்கினாலும் தாக்கலுக்குத்தான் அவகாசம், பணத்துக்கு இல்லை. 2024-இன் மொத்த வரி அளவுக்காவது சம்பளத்தில் பிடித்திருந்தால் அபராதம் வராது. அதனால் 2024 ரிட்டர்னில் உள்ள மொத்த வரித் தொகையைச் சாஃப்ட்வேர் கேட்டால் தாண்டிப்போகாமல் கொடு.

இந்த ஆண்டுக்கு இப்போதே ஏற்பாடு செய். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணை கட்டலாம். உனக்கு அதைவிடச் சுலபமான வழி, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கவேண்டும் என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தை அலுவலகத்தில் புதிதாகக் கொடுத்து 4(சி)-யில் கூடுதல் பிடித்தம் எழுதுவது. இரண்டு வாரச் சம்பளத்துக்கு 235 டாலர் பிடித்தால் ஆண்டு முழுவதற்கும் சரியாக வரும்.

உன் அறைத்தோழியும் ஃப்ரீலான்ஸ் செய்ய நினைப்பதாக எழுதியிருந்தாய். அவள் இருப்பது எச்-1பி வேலை விசாவில். அந்த விசாவில் மனு போட்ட நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். வரி கட்டிவிட்டால் சரியாகிவிடும் விஷயமல்ல அது. பணம் வாங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்.

எல்லாம் பதிந்ததும் சுருக்கத் திரையை நம்பாமல் முழு ரிட்டர்னையும் பிடிஎஃப்-ஆக இறக்கு. ஷெட்யூல் சி முதல் வரிசையில் 23,700, 31-இல் 20,120. ஷெட்யூல் 1-இன் 3-ஆம் வரிசையில் அதே 20,120, 8-ஆம் வரிசை காலி. கூடுதல் வரிகளைக் காட்டும் ஷெட்யூல் 2-இன் 4-இல் 2,843. முதல் வரிசையில் 41,700 என்று இருந்தால் ஏஜென்சிப் பணம் இரண்டு முறை ஏறியிருக்கிறது. ஈ-ஃபைல் பொத்தானைத் தொடுவதற்கு முன் அந்த பிடிஎஃப்-ஐ எனக்கு அனுப்பு. சனிக்கிழமை போனில் வரிசை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா