சர்வே பாரத்துல எல்லாரும் 'திருப்தி'ன்னு ஏன் போட்றாங்கன்னா

கண்ணு,

நேத்து போன்ல நீ கேட்டதே மனசுல ஓடிக்கினு இருக்கு, போன்லயே சொன்னா பாதி மறந்துடும், அதான் வாட்ஸ்அப்புல பெருசா எழுதறேன், டீ பிரேக்ல பொறுமையா படி. ஓசூர்ல உங்க கம்பெனி ஹெச்.ஆர்ல இருந்து சர்வே எடுத்தீங்க, எல்லாரும் 'திருப்தி'ன்னு டிக் அடிச்சிட்டாங்க, ஆனா மாசாமாசம் ஆளுங்க வேலைய விட்டு நின்னுக்கினே இருக்காங்க, இவங்க ஏம்மா பொய் சொல்றாங்கன்னு கேட்ட. பொய் இல்லடா, பயம். பாரத்துல மேலயே எம்ப்ளாயி நம்பர் கேக்கறீங்க, கீழ சூப்பர்வைசர் எப்டின்னு கேக்கறீங்க, அத்த வாங்கி அடுக்கறவரே அந்த சூப்பர்வைசர்தான். வேற இன்னாத்த எழுதுவாங்க சொல்லு?

நானும் ஆம்பூர்ல ஷூ கம்பெனில அப்பர், அதான் ஷூவோட மேல் பாகம், தெச்சவதான், எனக்குத் தெரியாதா. எங்க ஷூவ வாங்கற கம்பெனிக்காரங்க, அதான் பையர், ஆடிட்டுக்கு வர்றாங்கன்னா எங்களுக்கு யாரும் சொல்லவே வேணாம், காலைல பாத்ரூம்ல புது சோப்பு இருக்கும், ஃபர்ஸ்ட் எய்டு டப்பா ரொம்பி இருக்கும், சொல்யூஷன் பசை தடவற டேபிள்ல இருக்கற பொண்ணுங்களுக்கு மாஸ்க் வந்துடும். கேட்டா இன்னா சொல்லணும்னு மொத நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க. பையர் கார் கம்பெனி கேட்ட தாண்டி வெளிய போச்சின்னா சோப்பும் போயிடும். அதுக்கப்பறம் நீ எந்த பாரத்த குடுத்தாலும் அதுவும் ஆடிட்டுதான்னு நெனச்சிதான் எழுதுவாங்க.

உண்மை தெரியணும்னா கம்பெனி பஸ்ல ஏறு. பேரணாம்பட்டுல இருந்து மேல்பட்டி வழியா போற எங்க பஸ்ல பேசாத பேச்சே கெடயாது. 2023 ஏப்ரல்ல சட்டசபைல 12 மணி நேர வேலைக்கு மசோதா பாஸ் பண்ணாங்களே, அன்னிக்கி சாயந்தரம் பஸ்ல எவ்ளோ சத்தம்ன்ற, புள்ளைங்கள யாரு ஸ்கூல்ல இருந்து கூட்டியாறது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் யாரு தண்ணி வெக்கறதுன்னு ஒவ்வொருத்தியும் கேட்டா. அப்பால மே தினத்தன்னிக்கி வாபஸ்னு முதலமைச்சர் சொன்னப்பதான் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சி. இதுல ஒரு வார்த்த கூட கம்பெனி ஆலோசனை பெட்டில விழுந்திருக்காது. பொம்பளைங்க பாலியல் தொந்தரவுக்கு புகார் சொல்ல கமிட்டி வெக்கணும்னு 2013லயே சட்டம் வந்துடுச்சி, செவுத்துல பேரும் ஒட்டி இருக்கும், ஆனா அந்த பேருக்கு உண்டான மூஞ்சி யாருதுன்னு லைன்ல பாதி பேருக்குத் தெரியாது.

சம்பளத்துக்காக மட்டும் யாரும் வேலைய விட்டு நிக்கறது இல்ல கண்ணு, இத்த நீ நல்லா மனசுல வெச்சிக்க. எங்க லைன்ல மேல்பட்டி அக்கா ஒருத்தங்க, கை அவ்ளோ சுத்தம், ஒரு நாளு நூலு அறுந்து அறுந்து போயி பிரிச்சி திருப்பி தெக்கற ரீவொர்க் நெறய வந்துடுச்சி, சூப்பர்வைசர் அந்த அப்பர எல்லாம் அவங்க டேபிள் மேல விசிறிப் போட்டு கண்ணு தெரியலயாம்மான்னு லைனே திரும்பிப் பாக்கற மாதிரி கத்திட்டான், அவன் வயசுக்கு அவங்க அம்மா மாதிரி. அக்கா ஒண்ணும் பேசல, குனிஞ்சி பொறுக்கிக்கினாங்க. தீபாவளி போனஸ் கைக்கு வந்துச்சி, மறுவாரம் வேற கம்பெனி, அதே சம்பளம், பஸ்ஸு இன்னும் தூரம். காரணம் கேட்டப்ப 'வீட்டு சூழ்நில'ன்னு எழுதிக் குடுத்தாங்க. உங்க ஆபீஸ் ஃபைல்லயும் அப்டிதான் இருக்கும், போய் பாரு.

அதே பிரச்சினைக்கு அடுத்து வந்த சூப்பர்வைசர் இன்னா பண்ணாருன்னா, கத்தல, அந்த மெஷின்லயே உக்காந்து ரெண்டு பீஸ் தெச்சிப் பாத்தாரு. அந்த தடவ வந்த தோலு திக்கு, ஊசி மட்டும் பழைய நம்பர், அதான் நூலு அறுந்திருக்கு. ஊசிய மாத்தி, அன்னிக்கி டார்கெட்ட கொறைச்சி போர்டுல எழுதினாரு. அன்னில இருந்து ஏதாச்சும் கோளாறுன்னா நாங்களே கைய தூக்கி கூப்ட ஆரம்பிச்சோம், அதுக்கு முன்னாடி எல்லாம் கோளாறு பீஸ மறைச்சி வெச்சி லைன்ல அடுத்தவங்களுக்கு தள்ளி விட்டுடுவோம்.

நீ அங்க ஆபீஸர்னு எனக்கு ரொம்ப பெருமைடா, ஆனா ஏசி ரூம்லயே உக்காந்துக்காத. லீவு கேட்டு வர்றவங்கள நிக்க வெச்சி பேசாத. ஓவர்டைம்னா டபுள் சம்பளம், அத்த ஸ்லிப்புல தனியா தெரியற மாதிரி போட சொல்லு, கூட்டி கழிச்சி ஒண்ணா போட்டா எவ்ளோ குடுத்தாலும் ஏமாத்திட்டாங்கன்னுதான் நெனப்பாங்க.

அப்பறம் போனஸ். சட்டப்படி சம்பளத்துல 8.33 சதவீதம் குடுத்தே ஆவணும், 20 வரைக்கும் போவலாம், இது லைன்ல எல்லாருக்கும் தெரியும். போன வருசத்த விட கொறைச்சீங்கன்னா ராத்திரியோட ராத்திரியா நோட்டீஸ் ஒட்டிட்டு ஓடாதீங்க. உங்க மேனேஜர லைன்ல வந்து நின்னு ஆர்டர் எவ்ளோ கொறைஞ்சிது, ஏன் இவ்ளோதான்னு வாயால சொல்ல சொல்லு. அப்போ நீயும் பக்கத்துல நில்லு, கேள்வி கேக்கறவங்க பேர மட்டும் யாரும் குறிச்சிக்காம பாத்துக்க.

அம்மா