விடைக்குறிப்பில் ஒரு 'அதர்' அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் போட்டித் தேர்வுப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கிற பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். கிளை நூலக மாடியில் ஞாயிறுதோறும் அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். போன வாரப் பிழை திருத்தும் பயிற்சியில் ஒரு விடை தவறாக வந்திருக்கிறது. "சென்னை இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் கேரளா" என்பது கேள்வி. 'எனி'க்கு அடுத்து 'அதர்' இல்லை, அதனால் வாக்கியம் பிழை என்று விடைக்குறிப்பு சொல்கிறது. வாக்கியம் சரியானதுதான். தமிழ்நாட்டு நகரங்களோடு ஒப்பிட்டால் 'எனி அதர் சிட்டி' என்று எழுத வேண்டும், ஏனென்றால் சென்னையும் அந்தக் கூட்டத்தில் ஒன்று, 'அதர்' போட்டு அதைத் தனியே பிரிக்காவிட்டால் சென்னை சென்னையை விடவே பெரியது என்று ஆகிவிடும். கேரளாவோடு ஒப்பிடும்போது பிரிப்பதற்கு என்ன இருக்கிறது? சென்னை அங்கே இல்லையே. தயவுசெய்து அடுத்த வாரமே திருத்தம் போடுங்கள்.

இதை ஒரு அச்சுப்பிழை போல எழுதி அனுப்பிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உங்கள் பக்கத்தில் விடைக்குக் கீழே தரப்படும் விளக்கம் பற்றியும் பல மாதமாகவே சொல்ல வேண்டும் என்று இருந்தேன். 'ஒப்பீட்டுப் பிழை', 'பிரதிப்பெயர் எண் பொருந்தவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். பிள்ளைகள் அந்தப் பிழையை ஏன் செய்கிறார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. இந்த இரண்டு வகைப் பிழையும் பெரும்பாலும் நம் தமிழிலிருந்து வருகிறவை. தமிழில் அவை பிழையே அல்ல என்பதுதான் விஷயம்.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண் உங்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் சென்னை" என்பதைக் காட்டி, "சார், இதுல என்ன தப்புன்னே தெரியலையே" என்றாள். தமிழில் சொல்லச் சொன்னேன். "ஊட்டியோட கிளைமேட் சென்னையை விட குளிர்ச்சி." தமிழில் குறையே இல்லாத வாக்கியம், நாம் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம், கேட்கிறவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். சரி, இதே மாதிரி உன் சொந்த விஷயம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுது என்றேன். "மை சேலரி இஸ் லெஸ் தேன் மை பிரதர்" என்று எழுதினாள். 'தேன்' என்ற சொல்லுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சம்பளம். அந்தப் பக்கம்? கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் சார்... அண்ணனும் சம்பளமும்!" என்று சொல்லிவிட்டு, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே 'பிரதர்ஸ்', அதாவது அண்ணனுடையது, என்று திருத்திவிட்டாள். அப்புறம் ஊட்டி வாக்கியத்தில் 'தேன் தட் ஆஃப் சென்னை' என்று எழுத அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

அடுத்து 'தட்' வருமா, 'தோஸ்' வருமா என்பதில் தடுமாறுவார்கள். "தி ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் மதுரை ஆர் நேரோவர் தேன் தட் ஆஃப் சென்னை" என்று எழுதுவார்கள். காரணம் இதற்கும் வீட்டில்தான் இருக்கிறது. "புக்கெல்லாம் மேஜை மேல இருக்கு, அதை எடுத்துட்டு வா" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். எழுதும்போது 'அவை', 'அவற்றை' என்று எழுதுவோம், பேச்சில் அஃறிணைக்கு ஒருமையே போதும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்துவிடுகிறது. 'ஸ்ட்ரீட்ஸ்' பன்மை, அதனால் 'தோஸ்' என்று விளக்கத்தில் எழுதிவிட்டு நிறுத்தினால் அடுத்த முறையும் அதே தவறு நடக்கும். 'அது' என்று நினைக்காதே, 'அவை' என்று நினை என்று சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள்.

'விட' என்ற ஒரு சொல் நமக்கு எல்லா ஒப்பீட்டுக்கும் போதும். 'என்னை விட சீனியர்', 'காபியை விட டீ பிடிக்கும்'. அப்படியே 'சீனியர் தேன் மீ', 'பிரிஃபர் டீ தேன் காபி' என்று எழுதிவிடுகிறார்கள். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்த சொற்கள், அவற்றோடு 'டு'தான் சேரும், 'பிரிஃபர்' என்பதோடும் அப்படியே. 'அதர்' விடுபடுவதும் இதே கதைதான், 'வகுப்பில் எல்லாரையும் விட உயரம்' என்று நாம் சொல்லும்போது 'மற்ற' என்று யாரும் சேர்ப்பதில்லை. 'மோர் டாலர்' (more taller) என்று இரட்டிப்பதும் அப்படித்தான். உயரம் என்ற சொல்லுக்குத் தமிழில் ஒப்பீட்டு வடிவம் தனியாகக் கிடையாது, 'இன்னும்', 'அதிகம்' என்று எதையாவது முன்னால் சேர்த்தே பழகியிருக்கிறோம்.

தமிழ் நமக்குக் கைகொடுக்கிற இடமும் உண்டு. "ரவி டோல்ட் குமார் தட் ஹி ஹேட் ஃபெயில்டு" என்றால் தேறாதவர் யார்? ஆங்கிலத்தில் தெரியாது, அதனால்தான் அது பிழைப்பட்டியலில் இருக்கிறது. தமிழில் 'தான் தேறவில்லை என்று ரவி குமாரிடம் சொன்னான்' என்றால் தீர்ந்தது. 'தான்' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. இதைச் சொன்ன அன்று வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடைசியாக, நான் அதிகம் வருத்தப்படுகிற ஒன்று. "எவ்ரிஒன் ஹேஸ் சப்மிட்டட் தேர் ஃபார்ம்" என்ற வாக்கியத்துக்கு 'தேர்' தவறான ஆங்கிலம், 'ஹிஸ்' என்பதே சரி என்று போட்டிருந்தீர்கள். பழைய தேர்வு முறையில் 'ஹிஸ்' எதிர்பார்க்கப்படும் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். தவறான ஆங்கிலம் என்று சொல்லாதீர்கள். ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் இப்படி எழுதியிருக்கிறார்கள். ஒருவரைக் குறிக்கும் 'தே' என்ற சொல்லை மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019-ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு அதே ஆண்டு வந்த ஏழாம் பதிப்பில் அதைப் பயன்படுத்தச் சொல்கிறது. வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கும்போது, எல்லாருக்கும் 'ஹிஸ்' என்பது ஏன் என்று அவர்கள் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?

இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஆச்சரியப்பட எதுவும் இல்லை. 'ஒருவர் வந்தார்' என்று தினமும் சொல்கிறோம். ஆள் ஒன்று, வினை பன்மைக்குரியது, ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. "ஒருவர் என்னும் பெயர்நிலைக் கிளவி இருபாற்கும் உரித்தே" என்று தொல்காப்பியம் சொல்கிறது, அந்தச் சொல் பன்மை முடிவை ஏற்கும் என்பதை அடுத்த நூற்பாவிலேயே சொல்லிவிடுகிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச் சொல், இலக்கண நெறி அல்ல என்றும் இன்னோரிடத்தில் எழுதிவைத்திருக்கிறார் தொல்காப்பியர். இலக்கணத்துக்கு ஒத்துவராததையும் வழக்கு என்று மதித்துப் பதிவு செய்திருக்கிறார் பாருங்கள். 'எவ்ரிஒன்... தேர்' என்பதை இதைவிட எளிதாக எப்படி விளக்குவது?

மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வில் 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியே கிடையாது. நம் பிள்ளைகள் எழுதுகிற தேர்வுகளில் அது அப்படியே இருக்கிறது. எஸ்எஸ்சி முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தவறினால் அரை மதிப்பெண் கழியும். உங்கள் விடைக்குறிப்பை நம்பி அங்கே ஒரு 'அதர்' சேர்த்தால் இரண்டும் போய் மேலே அரையும் போகும். அந்தப் பெண்ணின் நோட்டில் போன வாரப் பக்கம் ஒட்டியாகிவிட்டது, கேரளா வாக்கியத்தின் பக்கத்தில் நான் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். திருத்தம் அச்சில் வந்தால் அதையும் வெட்டி அதற்குக் கீழேயே ஒட்டச் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்