இரண்டாவது சேவரைத் தினமும் யார் பார்க்கிறார்கள்?

ஆசிரியருக்கு,

ஐயா,

மட்டக்களப்பில் ஒரு சிக்கனக் கடன் சங்கத்தின் கணினிப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். போன கார்த்திகை மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் கணக்குகள் எல்லாம் இருக்கும் எங்கள் முதன்மை சேவர் (மையக் கணினி) எரிந்துவிட்டது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் ரெப்ளிகேஷனில், அதாவது முதன்மையில் எழுதும் பதிவுகளைத் தானாகப் பிரதியெடுத்தபடி, ஓடிய இரண்டாவது சேவர் இருந்ததால் அரை மணித்தியாலத்தில் அதற்கு மாறினோம்.

மறுநாள் கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு அம்மா நகை மீட்க வந்தார். அவருடைய கடைசித் தவணை கணக்கில் இல்லை. "போன கிழமதானே மனே கட்டின" என்று பற்றுச்சீட்டை நீட்டினார். சீட்டு சரியாக இருந்தது. எங்கள் இரண்டாவது சேவர்தான் 19 நாள் பின்தங்கி நின்றது.

நடந்தது இதுதான். பழைய அடையாள அட்டை இலக்கத்துக்கு 10 இடம் போதும். 2016இல் தொடங்கிய புதிய இலக்கத்துக்கு 12 வேண்டும். பிணையாளர் அட்டவணையில் அந்த இலக்கம் எழுதும் நிரலை (கொலம்), மாற்றம் தானாக மற்றதுக்குப் போகாதபடி வைத்து, முதன்மை சேவரில் மட்டும் அகட்டிவிட்டு, மற்றதில் இரவு செய்வோம் என்று விட்டோம். மறந்துபோனோம். அடுத்த பிணையாளர் பதிவு போனதும் இரண்டு பக்கக் கட்டமைப்பும் பொருந்தாமல் 1677 என்ற பிழையோடு இரண்டாவது சேவரில் எழுதுவது நின்றது. ஒன்று தடுக்கினால் பின்னால் வரும் நகைக்கடன், சேமிப்பு எல்லாமே வரிசையில் நிற்கும்.

கண்காணிப்புத் திரையோ பச்சையாகவே இருந்தது. இப்படி எழுதும் ஓட்டம் நின்றால் மைஎஸ்கியூஎல் இரண்டாவது சேவரின் தாமதத்தை எண்ணாகச் சொல்லாது, 'நல்', அதாவது மதிப்பே இல்லை என்றுதான் காட்டும். திரைக்கு அந்த எண்ணை வாசித்துக் கொடுக்கும் எங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டது. அந்த ஸ்கிரிப்டை எழுதியது நான்.

எழுதப்படாத பதிவுகள் இரண்டாவது சேவரின் ரிலே லொக்கில், அதாவது எழுதுமுன் வந்து சேரும் கோப்பில், கிடந்ததால் தப்பினோம். நிரலை அகட்டி ஓட்டத்தைத் திரும்பத் தொடக்கியதும் அவை உள்ளே வந்து, மாறிய பிறகு நாங்கள் எழுதிய புதிய பதிவுகளோடு மோதின. பற்றுச்சீட்டுக் கட்டுகளை வைத்து நான்கு இரவு சரிபார்த்தோம். சீட்டைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர் பேசாமல் திரும்பிப் போனார்களோ என்ற நினைப்பு இன்னும் விடவில்லை.

இப்போது காலை 8 மணிக்குப் பதிவை வாங்கும் ஓட்டம், எழுதும் ஓட்டம் இரண்டையும் தனித்தனியே பார்க்கிறோம். தாமத எண்ணை மட்டும் நம்புவதில்லை. இணைப்புத் தொங்கி நின்றாலும் அது பூச்சியம் காட்டக்கூடும். அதனால் முதன்மையில் நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை எழுதி, இரண்டாவதில் அது வந்திருக்கிறதா என்று வாசிக்கிறோம். கிழமைக்கு ஒருதடவை இரண்டிலும் அட்டவணைக் கட்டமைப்பை ஒப்பிட்டு, பார்த்தவர் கொப்பியில் கையொப்பமிடுகிறார். இதற்குக் காசு செலவில்லை.

1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு சங்கத்துப் பேரேடுகளை வெயிலில் விரித்துக் காயவைத்ததை அப்பா சொல்லுவார். எந்தப் பக்கம் அழிந்தது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. 19 நாள் எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்திலும் அம்பாறையிலும் சங்கங்களில் காசு போட்டிருப்பவர்கள் பொதுக்கூட்டத்தில் அந்தக் கொப்பியைக் கேளுங்கள். கணக்காய்வுக்கு வருபவர்களும் "பேக்கப் இருக்கிறதா" என்பதோடு விடாமல், கடைசியாகப் பார்த்த திகதியையும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
சங்க ஊழியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.