அம்மாவின் சுங்குடியில் ஒரு கவுன்

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலூர் வெயிலில் பாப்பாவுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. பிறந்தநாளுக்கு எடுத்த நெட் கவுனைப் போட்டால் அரை மணி நேரத்தில் அழத் தொடங்கிவிடுகிறாள். அம்மா கொடுத்தனுப்பிய பழைய சுங்குடிப் பருத்திப் புடவையைப் பீரோவிலிருந்து எடுத்து வைத்துவிட்டாய். ஆனால் கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை என்றாய்.

தயங்காமல் வெட்டு. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நம் இருவருக்கும் தூளி கட்டியதே பழைய சுங்குடிப் புடவைகளில்தானே, பேத்திக்கு உதவாத புடவை எதற்கு என்று கேட்டார். இன்னொன்றும் சொல்கிறேன், உனக்கு ஆறுதலாக இருக்கும். நாலு வயதுக் குழந்தையின் கவுனுக்கு அந்தப் புடவையில் ஒரு கஜத்துக்குச் சற்று அதிகமாகத்தான் தேவைப்படும். முந்தானையைத் தொடவே வேண்டாம். இடுப்பில் செருகும் உள்தலைப்பிலிருந்து வெட்டு. வெயில் படாமல் உள்ளேயே இருந்த பகுதி அது. நிறம் அங்கேதான் மிச்சம் இருக்கும். வெட்டுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். நூல் நைந்த இடம் சல்லடை போலத் தெரியும், அதைத் தவிர்த்துவிடு.

பழைய பருத்தியைவிட நல்ல துணி கோடைக்குக் கிடையாது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். புதுத் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, சுருங்கவிட்ட பிறகே வெட்ட வேண்டும். இந்தப் புடவை சுருங்க வேண்டியதெல்லாம் பல வருடத் துவைப்பில் சுருங்கிவிட்டது. கஞ்சியும் போய்விட்டது. அந்த நெட் கவுனின் உள்துணி பாலியெஸ்டர். 100 கிராம் பருத்தி சாதாரணக் காற்றிலேயே சுமார் 8 கிராம் ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வைத்திருக்காது. வியர்வை துணிக்குள் இறங்க வழியில்லாமல் தோலிலேயே நின்றால் குழந்தை அழாமல் என்ன செய்யும்?

நீ தைக்கப் போவது தோளில் நாடா கட்டும் கவுன். கழுத்து வெட்ட வேண்டாம், கை வைக்க வேண்டாம், பொத்தானுக்குக் காஜா வேண்டாம். இரண்டு நீள்சதுரத் துண்டுகள் போதும். ஒவ்வொன்றும் 20 அங்குல அகலம், 24¼ அங்குல உயரம். புடவையின் கரை கவுனின் அடிப்பக்கமாக வரும்படி வைத்துக்கொள். கரை ஓரம் பிரியாது என்பதால் கீழே மடித்து அடிக்கும் வேலையே இல்லை. இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடி. திறந்த பக்கத்தின் மேல்மூலையிலிருந்து உள்ளே 2 அங்குலம், கீழே 5½ அங்குலம் அளந்து, அக்குளுக்கு ஒரு வளைவு வரைந்து வெட்டு. அந்த வளைவை முதலில் செய்தித்தாளில் வெட்டி, குழந்தைமேல் வைத்துப் பார்த்துவிடு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. என் மகளுக்கு முதன்முதலில் தைத்த கவுன் வெளியே பார்க்க மிக அழகாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அவள் மட்டும் அக்குளைச் சொறிந்துகொண்டே இருந்தாள். சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சிவப்பாக ஒரு கோடு. உள்ளே வெட்டு விளிம்புகளை அப்படியே விட்டிருந்தேன். வியர்வையில் நனைந்து, நூல் முறுக்கிக்கொண்டு, நாள் முழுக்க அவளை அறுத்திருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை, சொல்லத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. அன்றிலிருந்து எதைத் தைத்தாலும் உள்பக்கம் திருப்பி, என் கழுத்தோரம் ஒரு முறை தேய்த்துப் பார்க்காமல் குழந்தைக்குப் போடுவதில்லை. நீயும் அப்படியே செய்.

பக்கத் தையலை இரண்டு முறை போட வேண்டும். எல்லோரும் நல்ல பக்கங்களை, அதாவது வெளியே தெரிய வேண்டிய பக்கங்களை, உள்ளே வைத்துத் தைப்பார்கள்; நீ முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து கால் அங்குலத்தில் ஒரு தையல் போடு. வெளியே நீட்டும் விளிம்பைப் பாதியாக நறுக்கு. பிறகு உள்ளே திருப்பி, விரல் நகத்தால் அழுத்திவிட்டு, மறுபடி கால் அங்குலத்தில் ஒரு தையல். வெட்டு விளிம்பு இரண்டு தையல்களுக்கும் நடுவே சிறைப்பட்டுவிடும். ஒரு நூல்கூடத் தோலில் படாது.

அக்குள் வளைவுக்குக் கிராஸ் பட்டி. 1¼ அங்குல அகலத்தில், துணியின் மூலைவாக்கில் வெட்டு. நேராக வெட்டிய பட்டி வளைவில் சுருங்கிக்கொண்டு நிற்கும். நீளத்தில் ஓடும் பாவு நூலுக்கும் அகலத்தில் ஓடும் ஊடை நூலுக்கும் சாய்வாகப் போகும் பட்டியை இழுத்துப் பார், ரப்பர் போல இழுபடும்; வளைவோடு அது தானாகவே வளைந்துகொள்ளும். பக்கத் தையல் முடிந்த பிறகே பட்டியை வை. அப்போதுதான் தையலின் முனை பட்டிக்குள் மறையும். பட்டியை நல்ல பக்கத்தில் வைத்து, வளைவில் மிக லேசாக இழுத்துப் பிடித்தபடி தைத்து, விளிம்பில் சிறுசிறு வெட்டுகள் கொடுத்து, உள்ளே மடித்து அடித்துவிடு. மொத்த வேலையில் நிதானம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். மிதியைக் காலால் மெதுவாக அழுத்து. வளைவின் நடுவில் ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பிக்கொள்.

ஊசியும் முக்கியம். உன் மாமியாரின் மெஷினில் இருப்பது பெரும்பாலும் 16ஆம் எண் ஊசியாக இருக்கும். நைந்த சுங்குடிக்கு அது தடிமன். துளை விழுந்து நூல் இழுத்துக்கொள்ளும். 11ஆம் எண் கேட்டு வாங்கு. அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு கந்தல் துணியில் ஓட்டிப் பார்த்த பிறகு தொடங்கு.

மேல் விளிம்பைக் கால் அங்குலம், பிறகு ஒரு அங்குலம் மடித்துத் தைத்தால் நாடா போகும் குழல் கிடைக்கும். நாடாவையும் அதே புடவையில் 2 அங்குலப் பட்டியாக வெட்டித் தைத்துக்கொள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு கஜ நீளம். கோத்த பிறகு குழலின் நடுவில் நாடாவோடு சேர்த்து ஒரு தையல் போட்டுவிடு, உருவிக்கொண்டு வராது. முடிச்சுப் போட்டபின் முனைகள் நீளமாகத் தொங்கக் கூடாது. சறுக்குமரத்திலும் ஊஞ்சலிலும் மாட்டிக்கொள்ளும்.

கரைக்கு மேலே ஒரு அங்குல மடிப்பு ஒன்று வை. நான் சொன்ன உயரத்தில் அதற்கான 2 அங்குலம் சேர்ந்தே இருக்கிறது. நமக்குப் பட்டுப் பாவாடை தைக்கும்போது அம்மா மடிப்பு வைத்து, நாம் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார், ஞாபகம் இருக்கிறதா? அதே மடிப்புதான். அடுத்த சித்திரையில் பிரித்துவிட்டால் இன்னொரு கோடைக்கும் வரும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005இல். இப்போது கடைகளில் சுங்குடி என்று விற்பவற்றில் பல அச்சிட்டவை. அம்மாவின் புடவை கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியது. புள்ளிகளைக் கிட்டத்தில் பார், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. நூலால் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாமல் நின்றதால் வந்த புள்ளிகள் அவை. பின்பக்கமும் அதே நிறம். எது நல்ல பக்கம் என்று குழம்பினால் கவலைப்படாதே, இரண்டும் நல்ல பக்கம்தான்.

அக்னி நட்சத்திரம் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கிவிடும். அதற்குள் முடித்துவிடு. பாப்பா தூங்கும்போது காறை எலும்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை அளந்து எனக்குச் சொல். 21 அங்குலத்துக்கு அதிகமாக இருந்தால் வெட்டும் உயரத்தை அதற்கேற்பக் கூட்டித் தருகிறேன். வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பையில் போட்டு வை. ஊருக்கு வரும்போது கொண்டு வா, அம்மா கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா